நியாயமான அளவு

எங்கள் உப்பளக் குடியிருப்பில் பதினொரு பெண்கள் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு மெதுவாகிப் போனதற்குக் காரணமான தாளில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் இந்த எப்சிபா பாதிக் கதை வரைக்கும் நல்லவள் வேஷம் போட்டாள் என்பீர்கள், அப்படிச் சொன்னாலும் தப்பில்லை. எங்கள் குழுவில் பத்தாவது வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான். வாசிப்பதும், வாசித்ததை மற்றவர்களுக்குச் சொல்வதும் என் வேலை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்த பொடி எழுத்தை நான் வாசிக்கவில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே, தார் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், பாத்தி பாத்தியாக வெள்ளை அடித்துக் கிடக்கிற நிலத்தில் விடிவெள்ளி மகளிர் குழு என்று நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தபோது, எது செய்தாலும் எல்லாரும் சேர்ந்து செய்வது, ஒருத்தி விலகினால் எல்லாரும் விலகுவது என்று சத்தியம் பண்ணினோம், அதிலிருந்து ஆடு வாங்கினாலும் பதினொரு பேருக்கும் பொது, கிரைண்டர் வாங்கினாலும் பொது, கல்யாண வீட்டு அண்டாவும் பொது. ராசகனி அக்காவின் புருஷன் உப்பு லாரி கவிழ்ந்து செத்தபோது அவள் பாத்தி உப்பை நாற்பது நாள் நாங்கள் பத்துப் பேரும் மாறி மாறி வாரினோம், அவளை ஒரு நாள்கூடப் பாத்தியில் இறங்க விடவில்லை. அவள் அதை மறக்கவே இல்லை. மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

போன் திட்டத்தை உலகத்தில் எல்லாரும் தனக்குத் தனக்கென்று பார்த்து வாங்குவார்கள், எங்களுக்கு மட்டும்தான் அதையும் ஆடு மாதிரி பொதுவில் வாங்கத் தோன்றியது. அப்போது ரோட்டு முக்கில் பஸ் நிற்கிற இடத்தில் மூன்று குடைகள் நின்றன, ஊதா ஒன்று, பச்சை ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று, மூன்றின் கீழும் சட்டையில் கம்பெனிப் பேர் போட்ட பையன்கள் சிம் விற்றார்கள். ஒரு வாரம் நாங்கள் மூன்று குடைக்கும் நடந்தோம், புடவைக் கடையில்கூட அத்தனை கேள்வி கேட்டதில்லை. பச்சைக் குடைக்காரன் ஆல்ட்ரின், சிரித்த முகம், யாரைப் பார்த்தாலும் அக்கா.

"அக்கா, இதுல அளவே கெடையாது. பாருங்க, பேசுங்க, விடிய விடிய ஓடட்டும். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஊதாக் கொடைக்காரன் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு சொல்லுதான," என்றாள் எங்கள் தலைவி சந்தனமாரி அக்கா. "நீ மட்டும் எப்படில அளவில்லாமத் தாற?"

"அவன் அளந்து குடுப்பான், தீந்ததும் நிறுத்திருவான். நாங்க நிறுத்தவே மாட்டோம். அதான் வித்தியாசம்."

"அந்த மாம்பழக் கொடை?"

"நல்ல திட்டந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா அவங்க டவர் உங்க உப்பளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதே."

"எங்க பதினொரு பேத்துக்கும் சேத்து ஒண்ணாத் தருவியா?"

"ஒரே குடும்பமா இருந்தாத் தரலாம்க்கா. குடும்பத் திட்டம். எத்தனை பேருன்னாலும் சரி, தலைவர்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நாங்க ஒரே குடும்பந்தான்," என்றாள் சந்தனமாரி அக்கா, அதில் பொய்யே இல்லை, எங்கள் பதினொரு பேருக்கும் மேலெல்லாம் புல்லரித்தது. படித்தவள் என்று என்னை முன்னால் தள்ளினார்கள், குடும்பத் தலைவர் என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், கீழே மற்றப் பத்துப் பேரும் போட்டார்கள்.

எங்களில் அந்தத் திட்டம் நிஜமாகத் தேவைப்பட்டவள் ராசகனி அக்கா ஒருத்திதான். அவளுக்கு ஒரே பிள்ளை பொன்மலர், பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை, எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை, பாத்தி வரப்பில் உட்கார்ந்து வளர்ந்தாள். தாயும் மகளும் தங்களுக்கென்று கையால் ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருந்தார்கள், நாக்கைத் தொட்டு உப்புக் கரித்த மாதிரி முகம் சுளித்தால் அம்மா, முழங்கையில் இரண்டு விரல் நடந்தால் வீட்டுக்கு வருவது, கையை முன்னால் நீட்டி உப்பை வாருவது போல நெஞ்சுக்கு இழுத்தால் வா. இந்த உலகத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர். பத்தொன்பது வயதில் பொன்மலரை மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், போன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற கம்பெனி. விடுதியில் எட்டுப் பேர் தங்குகிற அறையில் அவளோடு பேச ஒருத்தரும் இல்லை, சாயங்காலம் அம்மாவின் முகம் போனில் தெரிந்தால்தான் அவளுக்குக் கையே வரும். நாங்கள் காதில் வைத்துப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அவர்கள் படத்தில் பார்த்து மணிக்கணக்கில் பேசுவார்கள், பாத்தி, மழை, விடுதிக் குழம்பில் உப்பில்லாதது, எல்லாம் கையாலேயே.

திட்டம் வாங்கிய ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலு பத்துக்கு, நான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக் குனிந்தேன், நிமிர்ந்தபோது மறுநாள் காலை ஆறு மணி. எனக்கு அவ்வளவுதான் தெரியும். நடுவில் நடந்ததை என் புருஷன் ஞானமுத்து சொன்னான், நான் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தேன், குடத்துத் தண்ணீர் மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது, ரெண்டு வயசுப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்து அழுது அப்படியே காலடியில் தூங்கிவிட்டான். பதினொரு வீட்டிலும் இதே கதை. ராசகனி அக்கா கண்ணில் நின்ற ஒரு சொட்டு, பொன்மலரைப் பார்த்த சந்தோஷத்தில் வந்தது, விடிகிறபோதுதான் தாடைக்கு வந்து சேர்ந்ததாம். போனெல்லாம் நன்றாக ஓடின. எல்லார் போனிலும் ஒரே செய்தி: இன்றைய அதிவேக அளவு முடிந்தது, குறைந்த வேகத்தில் அளவில்லாமல் தொடர்ந்து அனுபவியுங்கள்.

மறுநாளும் அப்படித்தான். சில நாள் நாலு மணிக்கு, சில நாள் ஆறு மணிக்கு, எங்கே நிற்கிறோமோ அங்கே. ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது, எதற்குத்தான் ஊர் பழகாது சொல்லுங்கள். ஆண்கள் சாயங்காலமானால் வந்து எங்களைக் கீற்றுக் கட்டைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் சாய்த்து வைத்தார்கள், குழம்பை மத்தியானமே வைத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள், தாங்களே வைப்பதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் மூன்றரை வண்டிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே விசில் அடித்தார், படியில் ஒரு கால் வைத்தபடி யாராவது மெதுவாகிவிட்டால் வண்டி டெப்போவுக்குப் போக முடியாது. ரேஷன் கடையில் எங்களுக்குக் காலை வரிசை தனி. கோயிலில் நான் பாடுகிற பாட்டைச் சாயங்கால ஆராதனையிலிருந்து காலைக்கு மாற்றினார் பாஸ்டர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் சொன்ன வேடிக்கைக்கு மறுநாள் பாத்தியில் நின்று சிரித்தோம், சொன்னவனுக்கே அது மறந்திருக்கும். ராத்திரித் தூக்கம் எங்களுக்குப் போயே போனது, கண் மூடினால் விடிந்திருந்தது. மத்தியானம் உப்பு அம்பார நிழலில் கிடைக்கிற அரை மணிதான் தூக்கம். கொசுக்கள் மட்டும் அந்த வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தன.

குழுவாகப் போய் ஆல்ட்ரினைக் கேட்டோம். அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

"நிறுத்த மாட்டோம்னுதான் சொன்னேன். நிறுத்தலையேக்கா. வேகம்தான் கொறைஞ்சிருக்கு."

"ராத்திரி பூரா கல்லா நிக்கோம்லே. இதுக்குப் பேரு வேகமா?"

"கல்லு இல்லக்கா. அசைவு இருக்கும். வேணும்னா அளந்து பாருங்க."

அளந்தார்கள். அன்றைக்கு ஞானமுத்து சுவரில் என் விரல் நுனிக்கு நேரே சாக்பீஸால் கோடு போட்டான், விடிகிறபோது விரல் கோட்டைத் தாண்டி ஒரு நெல் அகலம் வந்திருந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஊதாக் குடையில் வாங்கினவர்கள் சாயங்காலம் நின்றே போகிறார்கள், கோடு போட்டால் கோட்டிலேயே நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அதிலிருந்து எங்கள் ஆண்கள் டீக்கடையில் திட்டங்களை ஒப்பிடுவதே சாக்பீஸ் கோட்டை வைத்துத்தான். ஒரு நெல் அகலம் என்றாலும் நம்ம வீட்டுக்காரி நகருகிறாள், என்ன இருந்தாலும் பச்சைதான் பச்சை என்று பெருமை பேசினார்கள்.

நாங்கள் கேட்கப் போன அன்றைக்கே ஆல்ட்ரின் தாளைத் திருப்பிப் போட்டு அந்த எறும்பு எழுத்தைக் காட்டினான். நியாயமான பயன்பாட்டு அளவைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும்.

"நியாயமான அளவுன்னா எவ்வளவு தம்பி?" என்று ராசகனி அக்கா கேட்டாள்.

"ஒரு குடும்பம் நியாயமா எவ்வளவு பாக்குமோ அவ்வளவுக்கா."

"அது யாரு நியாயம்?"

அவன் கையிலிருந்த பெரிய போனில் எங்கள் பதினொரு எண்ணையும் வரிசையாகக் காட்டினான். மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து செலவழித்தது பாதி. ராசகனி அக்கா ஒருத்தி பாதி. அவன் வேண்டுமென்று காட்டினானோ சும்மா காட்டினானோ, திரும்பி வருகிறபோது ராசகனி அக்கா தனியாக முன்னால் நடந்தாள். வேறு சிம் வாங்கலாம் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு குடும்பம்தானாம், ஒரு வருஷத்துக்கு அவள் எந்த எண் வாங்கினாலும் இதே குடும்பத்தில் வந்துதான் விழும். அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தோம்.

புதன்கிழமைக் கூட்டத்தில் சந்தனமாரி அக்காதான் ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை.

"மைனி, பேச்சு அளவில்லாததுதான. அதுல எவ்வளவு வேணா பேசிக்கிடுங்க. இந்தப் படம் பாக்கதத்தான் கொஞ்சம் கொறைச்சிக்கிடணும்."

ராசகனி அக்கா அவளையே பார்த்தாள். எங்களில் ஒருத்திக்கும் தலை நிமிரவில்லை, சொன்ன பிறகுதான் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. ஆனால் என் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து அழுதது எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது, அதனால் அடுத்த வாக்கியத்தை நான் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் கால் மணி நேரம் பேசுங்கக்கா. அஞ்சு மணிக்கு. நீங்க பேசி முடிக்கிற வரை நாங்க ஒருத்தியும் போனைத் தொட மாட்டோம். சத்தியம்."

"சரிட்டி," என்றாள். நாற்பது நாள் உப்பு வாரினோம் என்றேனே, அந்த நாற்பது நாளும் அந்த 'சரி'யில் இருந்தது. ஒருத்தியாவது எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குடும்பம் என்று கையெழுத்துப் போட்டிருந்தோமே.

அதற்குப் பிறகு நாங்கள் ராத்திரி தூங்கினோம், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினோம், மத்தியானம் வைத்த குழம்பைச் சாயங்காலம் வைத்தோம். ராசகனி அக்கா விட்டுக்கொடுத்த பாதியில் நாங்கள் தாராளமாகப் படம் பார்த்தோம். அவள் ஞாயிற்றுக்கிழமைக்காக ஆறு நாளும் மனசுக்குள் சேர்த்து வைத்தாள், பாத்தியில் நிற்கிறபோது கையைச் சும்மா அசைத்துப் பார்ப்பாள், எதை முதலில் சொல்வது எதை விடுவது என்று. ஏழு நாளைக் கால் மணிக்குள் சொல்ல அந்த இரண்டு பேரும் கையை எவ்வளவு வேகமாக அசைத்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. காலையில் நான் கோயிலுக்காகப் போனில் ஒரு பாட்டை இறக்கினேன், ஒரே ஒரு பாட்டு, நாலு நிமிஷம். சத்தியம் நினைவில் இருந்தது, கொஞ்சம்தானே என்று இறக்கினேன். சந்தனமாரி அக்கா பஹ்ரைனிலிருந்து பேரன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தாள், கொஞ்சம்தானே என்று. மற்ற எட்டுப் பேரும் எட்டுக் கொஞ்சம். ஒருத்தி பார்த்தது ஒருத்திக்குத் தெரியாது, பிறகு அழுது அழுது ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தது.

அஞ்சு மணிக்கு ராசகனி அக்கா வீட்டு வாசலில் போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். நானும் ஞானமுத்துவும் பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பொன்மலரின் முகம் வந்தது, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவள் கை சொன்னதை அக்கா எனக்குப் பிறகு சொன்னாள்: வடக்கே புதுக் கம்பெனி, மூன்று வருஷம், அங்கே விடுதியில் போனே கிடையாது, இன்றைக்கு ராத்திரி எட்டு மணி ரயில், வர மாட்டேன் என்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம், இப்போதே பதில் கேட்டு மேஸ்திரி வாசலில் நிற்கிறான். கடைசியாக அவள் முழங்கையில் இரண்டு விரலை நடக்கவிட்டாள். அம்மா, நான் வீட்டுக்கு வரட்டுமா?

ராசகனி அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையை முன்னால் நீட்டினாள், உப்பை வாருவது போல நெஞ்சுக்கு இழுத்தாள். நான் பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன், சாதாரண வேகத்தில்தான் இழுத்தாள். கை நெஞ்சைத் தொட்டபோது எங்கள் மேல் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போன் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலையிலும் தோளிலும் பனி நனைத்திருந்தது. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், மகளிடம் வா என்று சொன்ன சிரிப்பு, அது மாறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஞானமுத்து வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

"அஞ்சு நாலுக்கே எல்லாரும் நின்னுட்டிய," என்றான். "மைனி கை நீட்டுன மேனிக்கு அப்படியே இருந்துச்சு. அந்தப் புள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சு. நாக்கைத் தொட்டுத் தொட்டு மூஞ்சியச் சுளிச்சிச்சு, எத்தனையோ தடவை. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரம் கையைக் கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. பொறவு ஒருத்தன் வந்து தோளைத் தட்டுனான்."

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"என்ன செய்யன்னு தெரியாம…" அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "டாட்டா காட்டுனேன்."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவனை எதற்கு அடிக்க? அவனாவது சத்தியத்தை மீறவில்லை. அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது, எங்களில் யாருக்குத்தான் தெரியும், இத்தனை வருஷம் அந்தப் பிள்ளை வரப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கையசைவை, ஒரே ஒரு 'வா'வை, நாங்கள் பத்துப் பேரில் ஒருத்தி கற்றுக்கொண்டிருந்தால் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாளே.

வடக்கே உள்ள கம்பெனிக்கு ஒரு எண் உண்டு. அதில் கூப்பிட்டால் ஒருவர் எடுத்து, பொன்மலர் நலமாக இருக்கிறாள் என்பார். அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், பேச்சு அளவில்லாதது. முதல் மாதம் ராசகனி அக்கா தினமும் பேசினாள். பிறகு விட்டுவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் பத்துப் பேரும் காலையிலேயே போனை அணைத்துக் கல்யாண அண்டாவுக்குள் போட்டு மூடிவிடுகிறோம், யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்கிறோம், திங்கள்கிழமை காலைதான் எடுப்போம். ஒரு நாள் அளவு முழுசும் ஒரு துளி குறையாமல் ராசகனி அக்காவுக்கே கிடக்கிறது. அவள் அஞ்சு மணிக்குச் செங்கல் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்காருகிறாள். போன ஞாயிறு அந்த நேரத்துக்குப் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"எப்சிபா, என்ன போட்டிருக்கு? வாசிட்டி."

பச்சைக் குடைக் கம்பெனியின் செய்தி. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், பொய்யே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை வாசிக்காமல் விட்டதற்கு நான் பட்டது போதும் என்று, எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

"வாழ்த்துகள். இந்த மாதம் உங்கள் பயன்பாடு நியாயமான அளவுக்குள் இருந்தது. நன்றி."

"நியாயமானதுன்னா போட்டிருக்கான்?"

"ஆமாக்கா."

அவள் திரும்பிப் போய்ப் போனைச் செங்கல் மேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். கறுத்த போனைப் பார்த்துக் கையை நீட்டி நெஞ்சுக்கு இழுத்தாள், மறுபடியும் நீட்டி இழுத்தாள், மறுபடியும், மழை வருமுன்னே பாத்தி உப்பைக் கரையேற்றுவதற்கு நாங்கள் வாருவோமே அப்படி, வா, வா, வா என்று இருட்டுகிற வரைக்கும். வேகத்தில் ஒரு குறையும் இல்லை.